எண்ணெய் போடாத பீரோ

கண்ணாடிக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கேட்டார்: "மீனெல்லாம் எப்படிம்மா இருக்கு?"

அவர் ஒரு புதுத் தொட்டியின் மூலையில் சிலிக்கான் பசையை இழுத்துக்கொண்டிருந்தார். அது காயும்போது வரும் வினிகர் வாசனை கடை முழுக்க நின்றது. வெளியே பஸ்ஸும் ஆட்டோவும் ஒன்றையொன்று பார்த்து அலறிக்கொண்டு போயின. நான் கடைப்படியில் நின்று அந்த வாசனையில் உன் மாடி அறையின் காற்றை இழுத்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா இருக்குண்ணே. தொட்டிதான் ஒழுவுது. ஒரு டியூபு பசை குடுங்க."

"பழைய பசை விட்டுப்போனா ஒழுவத்தான் செய்யும். கூட ஒரு பொண்ணு வருமே, பேரம் பேசியே கொல்லுமே, அது எங்க?"

"வரல" என்றேன்.

அந்தத் தொட்டியில் ஒருநாளும் மீன் இருந்ததில்லை. கிளிசரின் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரும் அதற்குள் ஒரு சிலிக்கான் குழாயும்தான் இருந்தன. அந்தக் குழாய் ஒரு மனிதக் கழுத்தின் தமனி. அதைக் கடைக்காரருக்கு விளக்கப் போனால், இரண்டு பெண்கள் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்று தெருவில் ஓடிக்கொண்டிருந்த பேச்சு இன்னொரு சுற்று வரும். "மீனுன்னு சொல்லிடுடி" என்றாய். ஹீட்டர் வாங்கப் போனபோது என்ன மீன் என்று அவர் கேட்டார். "செலவு வைக்கிற மீன்" என்றாய் நீ, சிரிக்காமல்.

பசையை வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்தேன். உன் வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. நாம் முன்பெல்லாம் வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தோம்: கோபப்படுவது நான், பயப்படுவது நீ. இப்போது இரண்டும் என் தலையில். கோபம் எனக்குப் பழக்கம். பயத்தை எப்படிக் கையாள்வது என்று நீ சொல்லிக்கொடுக்கவில்லை.

நாம் செய்த சாமானை நினைத்துப் பார்க்கிறேன். சுண்டுவிரல் நுனியை விடச் சிறிய ஒரு கம்பிக் கூடு. கழுத்தில் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், அதன் சுவருக்குள் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. சுவர் இழுபட்டால் அவை மூளைக்குச் சொல்லும். மூளை இதயத்தை மெதுவாக அடிக்கச் சொல்லும், குழாய்களைத் தளரவிடும். வருடக்கணக்கில் ரத்த அழுத்தம் ஏறியே இருப்பவர்களுக்கு அந்தச் சுவர் விறைத்துப்போகிறது, நரம்பு மரத்துப்போகிறது. நம் கூடு உள்ளே உட்கார்ந்து, ஒவ்வொரு துடிப்புக்கும் சுவரை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொடுக்கும். அவ்வளவுதான். பேட்டரி இல்லை, ஒயர் இல்லை, யாரும் எதையும் அழுத்தவேண்டியதில்லை. உடம்பே தன்னைத் தணித்துக்கொள்ளும்.

சென்னையிலிருந்த நம் மருத்துவக் கருவி நிறுவனத்தில் முதலில் சிரித்தார்கள். பேட்டரி வைத்தால்தானே நவீனம். நீ எழுந்து சொன்னாய்: "எங்க ஊர்ல புயல் அடிச்சா வாரக்கணக்குல கரண்டு இருக்காது சார். ஆஸ்பத்திரியில மாத்திரை இருக்காது. இருந்தாலும் எங்க உம்மா நோம்பு நேரத்துல முழுங்காது. யாரும் ஞாபகம் வெச்சிக்க வேண்டாத ஒண்ணு வேணும்." அன்று நான் மேசைக்கடியில் உன் காலை மிதித்தேன், அதிகம் பேசிவிடாதே என்று. நீ என் காலைத் திருப்பி மிதித்துவிட்டுப் பேசினாய்.

சோதனை மேடையை ஊரிலேயே அமைக்க அனுமதி வாங்கினோம். உன் வீட்டு மாடி அறை. தெருவில் லாரி போனால் தரை அதிரும். அழுத்தம் காட்டும் திரையில் கோடு நடுங்கும். நாம் ஒரு கருங்கல் பலகையை ஆள் வைத்துத் தூக்கி, தொட்டி, பம்பு, குழாய் எல்லாவற்றையும் அதன்மேல் முறுக்கி இறுக்கினோம். அதிர்வு நின்றது. அதில் நமக்கு எத்தனை பெருமை! பசை காய்ந்த வாசனை கீழே இறங்க, உம்மா படியில் நின்று குரல் கொடுத்தார்: "ஏம் புள்ளைங்களா, ஊறுகாயா போடுறீங்க? கீழ கொஞ்சம் குடுத்து விடுங்க."

உம்மா தொழுவது மாடிக்கு நேர்கீழ் அறையில். அங்கே உன் வாப்பா முதல் சபுரில் குவைத்துக்குப் போய்ச் சம்பாதித்து வாங்கிப் போட்ட இரும்பு பீரோ. சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்துவிட்டு எழும்போது உம்மா அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். கதவு ஒரு சத்தம் போடும். பல்லைக் கூசவைக்கும் கிறீச். நீ பேசிக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிடுவாய். திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தால் கை அப்படியே நிற்கும். சத்தம் வந்ததும் "எந்திரிச்சாச்சு" என்பாய், யாரிடமும் இல்லாமல். பிறகு விட்ட இடத்திலிருந்து பேசுவாய். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு பயம் இருந்தது என்று நான் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை.

ஒருநாள் அஸர் தொழுகை நேரம். கீழே சத்தம் வரத் தாமதமானது. நீ எழுந்து படி வரை போய்விட்டாய். கிறீச் என்றது. நீ திரும்பி வந்து உட்காரவில்லை. தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

"நம்ம குழாய் குனிஞ்சதே இல்லடி."

"என்ன?"

"ஒரு தடவகூட. கல்லுல போட்டு இறுக்கிட்டோம். படுத்திருக்கிறவனுக்கு அளந்தோம், உக்காந்திருக்கிறவனுக்கு அளந்தோம். நம்ம ஊர்ல யாருடி படுத்தே கெடக்குறா?"

எனக்கு உடனே என் அம்மாவின் முதுகு கண்ணில் வந்தது. திருநள்ளாறு பக்கத்து வயலில் நடவு. தலை முழங்காலுக்குக் கீழே. வரிசை முடிந்து நிமிரும்போது இடுப்பில் கை வைத்து, கண்ணை மூடி, ஒரு கணம் ஆடாமல் நிற்பாள். உன் உம்மா, என் அம்மா இருவரும் குனிகிறவர்கள். நாம் நாற்காலியில் உட்கார்ந்து அவர்களுக்காக வரைந்திருக்கிறோம்.

குழாயை எப்படிக் குனியவைப்பது, தொட்டித் தண்ணீர் கொட்டிவிடுமே என்று நான் குழம்பினேன். நீ ஏற்கெனவே யோசித்துவிட்டிருந்தாய். "கழுத்து கீழ போனா என்ன, இதயம் மேல போனா என்ன? ஒண்ணுதான். நம்ம பம்புதான இதயம், அதத் தூக்குவோம். ஒரு கப்பி, ஒரு கயிறு."

கப்பி வாங்கும் முன்பே நீ போய்விட்டாய். மழை பெய்து ஓய்ந்த மாலை, புறவழிச்சாலை, தண்ணீர் நிறைந்து தெரியாமல் கிடந்த ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தைப் பற்றி அந்தச் சாலையில் போகும் எல்லோருக்கும் தெரியும். மனுக் கொடுத்தவர்களும் உண்டு. நீ செத்த பிறகுதான் அதில் ஜல்லி கொட்டினார்கள். ஒரு பள்ளத்தை மூட இந்த நாட்டில் ஒரு ஆள் விழவேண்டும். இப்போதும் அந்த வழியாகப் போகும்போது என் கால் தானாகப் பிரேக்கை மிதிக்கிறது.

அதன்பின் நான் மாடி ஏறவில்லை. சென்னைக்குப் போய் வேறு மேசையில் வேறு வரைபடம் போட்டேன். கூட்டின் வடிவம் இதுதான் என்று முடிவாகிவிட்டது. ஆடுகளில் பொருத்தினார்கள், அழுத்தம் இறங்கியது, கைதட்டினார்கள். அடுத்து மனிதர்கள். முதலில் யார் கழுத்து? எப்போதும் போல இலவச வார்டில் வரிசையில் நிற்பவர்களின் கழுத்துதான். பணம் கட்டி வைத்தியம் பார்ப்பவர் இரண்டாவது வருடம் வருவார், மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்துகொண்டு. குனிந்து நிமிர்வதைப் பற்றிக் கூட்டத்தில் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார்கள். பார்க்கவில்லை.

போன மாதம் ஊருக்கு வந்திருந்தேன். உம்மாவைப் பார்க்கப் போனேன். வாப்பா மறுபடி குவைத்துக்குப் போய்விட்டார். வீட்டில் உம்மா மட்டும். தேத்தண்ணி கொடுத்துவிட்டு, ஏதோ கல்யாணச் செய்தி சொல்வது போலச் சொன்னார்.

"எனக்கும் வெக்கிறாங்க புள்ள. டாக்டரு சொல்லிட்டாரு. எத்தன மாத்திரை போட்டும் எறங்கலல்ல? மொத ஆளுங்கள்ல என்னையும் சேத்துட்டாங்க."

"எத உம்மா?"

"இத என்ன கேக்குறே? எம் மவ செஞ்சத." உம்மா முக்காட்டை விலக்கிக் கழுத்தில் விரல் வைத்துக் காட்டினார், அட்டிகை எங்கே வரும் என்று காட்டுவது போல. "இங்க. அவ செஞ்சது என் கழுத்துலேயே இருக்கட்டும். மௌத்தாவுற வரைக்கும் கூடவே இருக்கும்ல?"

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அந்த வீட்டில் யாரும் இல்லை. விழுந்தால் பிடிக்க அந்த பீரோதான் இருக்கிறது.

அதனால்தான் தொட்டி, பசை, கப்பி. அறையைத் திறந்தபோது உன் செருப்பு கருங்கல்லுக்கு அடியில் கிடந்தது. அதை நகர்த்தாமல் சுற்றி வேலை செய்தேன். தொட்டியை ஒட்டினேன். மின்விசிறிக் கொக்கியில் கப்பியைக் கட்டி, பம்பை ஒரு பலகையில் வைத்துக் கயிற்றில் தொங்கவிட்டேன். ஆனால் எந்த வேகத்தில் தூக்குவது, எவ்வளவு நேரம் நிறுத்துவது என்று தெரியவில்லை. கீழே போய் உம்மாவிடம் கேட்டேன், தொழும்போது பின்னால் உட்கார்ந்து பார்க்கலாமா என்று.

"வேடிக்கை பாக்க இது என்ன சினிமாவா?"

"வேலைக்குத்தான் உம்மா."

"சரி, உக்காரு. ஆனா செல்லுல படம் புடிச்சே, பிச்சிடுவேன்."

உட்கார்ந்தேன். உம்மா குனிந்தார், நிமிர்ந்தார், நெற்றியைத் தரையில் வைத்தார். நான் என் மூச்சை வைத்து அந்த நேரத்தை மனப்பாடம் செய்தேன். எழும்போது கை தானாக பீரோவைத் தேடியது. கிறீச். இத்தனை வருடம் மேலிருந்து கேட்ட சத்தத்தை முதல்முறையாகப் பார்த்தேன். உம்மா கைப்பிடியைப் பிடித்த பிறகும் கண்ணைத் திறக்கச் சற்று நேரமானது. கூடு இல்லாமலேயே இப்படி.

மாடிக்கு வந்து கயிற்றை இழுத்தேன். பம்பு உயர்ந்தது. திரையில் இரண்டு கோடுகள்: ஒன்று குழாயின் அழுத்தம், இன்னொன்று கூடு உட்கார்ந்திருக்கும் இடத்தில் சுவர் இழுபடும் அளவு. இரண்டும் ஏறின. நிறுத்தினேன், உம்மா நிறுத்திய அளவு. கயிற்றை விட்டேன். அழுத்தத்தின் கோடு விழுந்தது. சுவரின் கோடு விழவில்லை. பாதியில் தொங்கிக்கொண்டு நின்றது, இறங்க மனம் வராதது போல. அப்புறம்தான் மெல்ல இறங்கியது.

காரணம் புரிந்துவிட்டது. அந்தக் கம்பியின் குணமே அது. விரியும் அதே அழுத்தத்தில் அது சுருங்காது. சுருங்க, அழுத்தம் இன்னும் கீழே போகவேண்டும். சாதாரணத் துடிப்பில் அது தெரியாது, அசைவு சிறியது. குனிந்து எழும்போதுதான் தெரியும். எழுந்து நிற்கும் கணத்தில், தலைக்கு ரத்தம் போதாமல் இருக்கும்போது, நம் கூடு மூளையிடம் "அழுத்தம் அதிகம், இதயத்தை மெதுவாக்கு" என்று சொல்லிக்கொண்டிருக்கும். உம்மா பீரோவைத் தேடுவதற்குள் விழுந்திருப்பார். என் அம்மா சேற்றில் முகம் குப்புற விழுந்திருப்பாள்.

மறுபடி மறுபடி இழுத்தேன். பிழை என்னுடையதாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு இழுத்தேன். ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு அங்கேயே தொங்கியது.

அளவுகளை நிறுவனத்தின் குழுத் தலைவருக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்தேன்.

"இது ரப்பர் குழாய்மா. உடம்பு வேற. ஆட்டுல எல்லாம் சரியா வந்துச்சே."

"ஆட்ட மயக்கத்துல படுக்க வெச்சுத்தானே சார் அளந்தீங்க."

அவர் குரலைக் கனிவாக்கிக்கொண்டார். "சரி, தொழுவுறவங்கள நாற்காலியில உக்காந்து தொழச் சொல்லலாம். முடியாதவங்களுக்கு அனுமதி உண்டுன்னு கேள்விப்பட்டிருக்கேன். வயல் வேலைக்குப் போறவங்கள இப்போதைக்குச் சேக்காம விட்டுடலாம். ஒரு எச்சரிக்கைக் குறிப்பு போட்டாப் போதும்."

"அப்ப யாருக்கு சார் இது? மின்விசிறிக்குக் கீழ உக்காந்து பைல் பாக்குறவருக்கா?"

"உணர்ச்சிவசப்படாதீங்க."

"கம்பிய மாத்தத் தெரியல, அதனால ஆள மாத்துறோம். அப்படித்தானே?"

டாக்டருக்கு நானே அனுப்பப்போகிறேன் என்றேன். வேலை முக்கியமில்லையா என்று கேட்டார். முக்கியம்தான். என் அம்மா இன்னும் நடவுக்குப் போகிறாள். ஆனாலும் அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகு விரல்கள் சில்லிட்டுப்போய், இரண்டு கைகளையும் தொட்டியின் வெதுவெதுப்பான தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு நின்றேன்.

கீழே உம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன புள்ள, மூஞ்சி வெளிறிக் கெடக்கு? மேல பேய கீய பாத்தியா?"

"உம்மா, அத நீங்க இப்ப வெச்சிக்கக் கூடாது."

"எத?"

"கழுத்துல வைக்கிறத. தொழுதுட்டு எந்திரிக்கிறப்ப மயக்கம் வரும். விழுந்துடுவீங்க."

உம்மாவின் விரல்கள் நின்றன. "எம் மவ செஞ்சதுல கொறை சொல்லுறியா?"

சுற்றி வளைக்கலாம் என்று தோன்றியது. கம்பியின் மேல் பழி போடலாம், கம்பெனியின் மேல் போடலாம். "ஆமா உம்மா. ரெண்டு பேரும் சேந்து செஞ்சது. கொறை இருக்கு."

"அவ இருந்தா இப்படி எங்கிட்ட வந்து சொல்லுவாளா?"

"அவதான் மொதல்ல கண்டுபிடிச்சா. நீங்க எந்திரிக்கிற சத்தத்த வெச்சு."

"என்ன சத்தம்?"

"பீரோ சத்தம். நீங்க தொழுது எந்திரிக்கிற வரைக்கும் மேல அவளுக்குக் கை ஓடாது. அந்தக் கதவு கிறீச்சின்னாத்தான் வேலைய ஆரம்பிப்பா. எந்திரிச்சாச்சுன்னு சொல்லிக்குவா."

"தெனமுமா?"

"ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும்."

உம்மா தட்டிலிருந்த இறாலை ஒரு கையால் ஒதுக்கினார். மறுபடி அதே இடத்துக்கு ஒதுக்கினார்.

"எத்தன தடவ சொல்லியிருப்பேன், அந்தக் கதவுக்கு ரெண்டு சொட்டு எண்ண போடுடின்னு. போடவே மாட்டா. மிசினு மிசினா கழட்டுறே, இதுக்கு எண்ண போட ஒனக்குக் கை வலிக்குதான்னு திட்டியிருக்கேன். சோம்பேறின்னு திட்டியிருக்கேன்."

முக்காட்டின் நுனியை முகத்தில் வைத்து அழுத்தினார். எடுத்தபோது கண் சிவந்திருந்தது, குரல் மாறவில்லை.

"நாக்காலியில உக்காந்து தொழுதா வெச்சிக்கலாமா?"

"வெச்சிக்கலாம்னு அவங்க சொல்லுறாங்க. நான் சொல்ல மாட்டேன். கீழ கெடக்குறத எடுக்கக் குனிஞ்சாலும் அதேதான்."

"அப்ப சரி செஞ்சி எடுத்துட்டு வா. அது வரைக்கும் மௌத்தாவாம இருக்கப் பாக்குறேன்." பிறகு இறாலைக் கையில் எடுத்துக்கொண்டே, "சீக்கிரம் செய்யி" என்றார். அது வேடிக்கைக்குச் சொன்னதில்லை.

டாக்டர் எல்லோருக்கும் நிறுத்திவைத்துவிட்டார். குழுத் தலைவர் என் போனை எடுப்பதில்லை. வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று எனக்கே தெரியாது. நான் ஏதோ காப்பாற்றிவிட்டேன் என்று நீ நினைத்துக்கொள்ளாதே. உம்மாவின் அழுத்தம் இறங்கவே இல்லை. ஒவ்வொரு சாயங்காலமும் நான்தான் பட்டையை அவர் கையில் சுற்றிக் காற்றடித்துப் பார்க்கிறேன். எண் தெரிவதற்குள் என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்கிறது. கூட்டை வைத்திருந்தால் விழுந்திருப்பார். வைக்காமல் இருப்பதால் ஒருநாள் தலைக்குள் ஏதாவது வெடிக்கலாம். அந்த வரிசையில் நின்ற மற்றவர்களுக்கும் அதேதான். அவர்கள் காத்திருப்பது என்னால். இதை யாரிடம் சொல்வது? உன்னிடம்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

புதுக் கூடு வரைந்துகொண்டிருக்கிறேன். கம்பியை மெல்லியதாக்கி, வளைவுகளைக் கூட்டி, விரிவதும் சுருங்குவதும் நெருங்கிவருமா என்று பார்க்கிறேன். கோடு இன்னும் தொங்குகிறது. முன்பைவிடக் கொஞ்சம் குறைவாக. அது நிஜமா, என் ஆசையா என்று சந்தேகப்பட்டு மறுபடி கயிற்றை இழுக்கிறேன். உள்ளங்கையில் காய்ப்பு வந்துவிட்டது. கோபம் அப்படியே இருக்கிறது. ஆனால் அது கயிற்றை இழுக்க மட்டும்தான் உதவுகிறது. கோட்டைப் பார்க்க உன் பயம் வேண்டியிருக்கிறது.

உம்மா எண்ணெய் போடச் சொல்வதில்லை இப்போது. நேற்று தெரு முனையில் பாங்கு சொன்னார்கள். கீழே வாளித் தண்ணீர் சத்தம், பாய் விரிக்கும் சத்தம். நான் கயிற்றைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். பம்பு அந்தரத்தில் துடித்துக்கொண்டிருந்தது. உன் செருப்பு கல்லுக்கு அடியில். கீழே ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் கேட்கவில்லை. படியை நோக்கி ஒரு கால் வைத்துவிட்டேன்.

கிறீச்.

"எந்திரிச்சாச்சு" என்றேன். கயிற்றை மெல்ல இறக்கினேன்.